நம்பாடுவானின் சபதமும் சொல்லாமற் கொண்ட பொருளும்

வள்ளியூருக்கு அணித்தே, மலையடிவாரத்தில் விளங்கும் திவ்யதேசம் திருக்குறுங்குடி. அங்கு நிகழ்ந்ததாக வராஹ புராணம் கூறும் நம்பாடுவான் சரிதம், கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியை ஒட்டி வைஷ்ணவ ஆலயங்களில் ஆண்டுதோறும் வாசிக்கப்பெறுகிறது. குறுங்குடியில் நாடகமாகவும் நடிக்கப்பெறுகிறது. பராசர பட்டர் இதற்கு வியாக்யானம் அருளிச்செய்துள்ளார். நம்பியைப் பாடச் செல்லும் வழியில் பிரம்மராக்ஷஸனிடம் அகப்பட்ட நம்பாடுவான், பாடி மீண்டு வந்து அவனுக்கு இரையாவதாகச் செய்யும் 18 சபதங்கள் அச்சரிதத்தின் நடுநாயகமாக அமைந்தவை.

இச்சபதங்களைப் பாவங்களின் ஏறுவரிசையாக மட்டும் கொள்வார் உளர். எல்லாவற்றினும் கொடிய பாவத்தைச் சொன்னபோது ராக்ஷஸன் இசைந்தான் என்பது அவர்தம் கருத்து. அது பிழையன்று, ஆயினும் போதாது. சபத வாக்கியத்தின் அமைப்பை நோக்கினால், ராக்ஷஸன் எதற்கு இசைந்தான் என்பது இன்னும் தெளிவாகும்.

சபதங்களின் பொது வடிவம் இது: நான் மீண்டு வாரேனாகில், இன்னது செய்தவன் அடையும் பாவத்தை நான் அடைவேனாக. பிறன்மனை நயந்தவன், தானமாகக் கொடுத்த நிலத்தை மீளப் பறித்தவன் என்று அடுக்கிச் சென்று, முடிவில் நாராயணனைப் பிற தேவதைகளோடு ஒப்பாக எண்ணுபவனைக் குறிக்கிறான் நம்பாடுவான். வாக்கியம் வெளிப்படச் சொல்வது ஒரு நிபந்தனையை. ‘அவன் அடையும் பாவம்’ என்னும் தொடரோ, அப்படியொரு பாவம் உண்டு என்பதைச் சொல்லாமலே கொண்டு நிற்கிறது. இதனை மொழியியலார் முன்கோள் என்பர்.

முன்கோள் எதிர்மறையிலும் அழியாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஃபிரேகே 1892-இல் சுட்டினார். சிறு வாக்கியத்தின் முன்கோள் அதனை உள்ளடக்கிய கூட்டு வாக்கியத்துக்கும் உரியதாகுமா என்ற வினாவை 1971-இல் லாங்கெண்டோன், சாவின் ஆகிய இருவரும் எழுப்பினர். 1973-இல் லவ்ரி கார்ட்டுனன், வாக்கியத்தை உள்ளடக்கும் சொற்களை மூவகையாக்கினார்: முன்கோளுக்கு வழிவிடுவன, அதனை அடைப்பன, வடிகட்டுவன. நிபந்தனைச் சொல் மூன்றாம் வகையினது. ‘குறுங்குடியில் இன்று உத்ஸவம் உண்டாகில், அவ்வுத்ஸவத்தைச் சேவிப்போர் வள்ளியூரில் ரயிலிறங்குவர்’ என்றால், உத்ஸவம் உண்டென்று சொன்னவர் ஒப்பியதாகாது. முற்பகுதியே அதனைத் தந்து வடிகட்டிவிடுகிறது. ‘மழை பெய்யுமாகில், இன்றைய உத்ஸவத்தைச் சேவிப்போர் வள்ளியூரிலேயே தங்குவர்’ என்றாலோ, மழை பெய்யினும் பெய்யாவிடினும் உத்ஸவம் உண்டென்பது கொள்ளப்பட்டதே.

நம்பாடுவானின் சபதம் இரண்டாவது வகையைச் சார்ந்தது. மீண்டு வாராமை என்னும் முற்பகுதி, ஒப்பாக எண்ணுதல் பாவமென்பதைத் தருவதன்று. ஆகவே அம்முன்கோள் வடிகட்டப்படாமல் முழு வாக்கியத்துக்கும் உரியதாகிறது. அவன் சொன்னபடியே மீண்டு வந்தான். நிபந்தனை நிகழவில்லை, பாவம் அவனைத் தீண்டவில்லை. முன்கோளோ சிறிதும் குறையாது நிற்கிறது. உள்ளதை உள்ளபடி எண்ணுவது பாவமாகாது. ஒப்பாக எண்ணுதல் பாவமெனில், அவனுக்கு ஒப்பார் இலர் என்பது அதனின்று பெறப்படும்.

இங்கு ஓர் ஆக்ஷேபம். சபதம் பிறர் கூற்றாகப் புராணத்துள் வருவது. ‘என்றான்’ முதலிய சொற்கள் முன்கோளை அடைத்துவிடும் இனத்தன. ஆதலின் அது நம்பாடுவானின் நம்பிக்கையை மட்டுமே காட்டும், பரத்வத்தை நிறுவாது எனலாம். நிறுவாது என்பது உண்மையே. மீமாம்ஸகர் மரபில், வாக்கியம் புதிதாக விதிப்பது வேறு. முன்பே அறிந்ததை அநுவதிப்பது வேறு. அநுவாதத்துக்கு வேறு பிரமாணம் வேண்டும். பரத்வம் சுருதியால் அறியத்தக்கது. சபதத்தின் இலக்கணத்தால் அதனை ஸாதிக்க முயல்வது சுருதியின் இடத்தில் வியாகரணத்தை அமர்த்துவதாகும். வியாக்யானம் வாசிப்போர் இவ்வெல்லையைக் காத்தல் நன்று.

ஆயினும் ஆக்ஷேபம் ஒன்றை விட்டுவிடுகிறது. ராக்ஷஸன் சபதத்தை எடுத்துரைப்பவன் அல்லன். அதனை எதிரே நின்று கேட்பவன். அத்தகைய பாவமே இல்லையென்று எண்ணுபவனுக்கு அச்சபதம் வெறுஞ்சொல். அதனைப் பிணையாக ஏற்றபோது, முன்கோளையும் அவன் ஏற்றவனாகிறான். அஃதன்றி, சொல்பவன் அப்பாவத்துக்கு அஞ்சுபவன் என்பதும் கேட்பவனுக்குத் தெரியவேண்டும். மற்றப் பாவங்களுக்கு நம்பாடுவான் அஞ்சுவானோ என்பதை ராக்ஷஸன் கண்டறிய வழியில்லை. இறுதிப் பாவத்துக்கு அஞ்சுவான் என்பதோ கண்கூடு: உயிர் போகும் நிலையிலும் அவன் வேண்டியது நம்பியைப் பாடும் அவகாசம் ஒன்றே. முன்கோளாகச் சொல்லில் மறைந்து நின்றது, அவன் ஒழுக்கத்தில் வெளிப்பட நின்றது.

பின்னர் நம்பாடுவான் மீண்டு வந்தபோது, அவனை உண்ண வேண்டாது பாட்டின் பலனை ராக்ஷஸன் இரக்கிறான். இதனைத் திடீர் மனமாற்றமாகக் கொள்ளவேண்டுவதில்லை. நம்பியின் ஒப்பின்மையை உட்கொண்ட சபதத்தை ஏற்று வழிவிட்டபோதே, அவன் அப்பொருளுக்கு இசைந்துவிட்டான் என்க.