நகைச்சுவைத் தொழில் பற்றிய உரையாடலும் அன்றாட ஆங்கிலச் சொற்பயிற்சியும்

1. முன்னுரை

அயல்மொழிச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்விக்கும் முறை செல்வாக்கிழந்த பின்னர், ஒரு பொருள் குறித்து இருவர் பேசும் உரையாடலின் வழியே சொற்களைக் கற்பிக்கும் முறை பரவலாயிற்று. பிபிசி நிறுவனம் 1943இல் வானொலிவழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. அதன் ஆங்கிலம் கற்பிக்கும் பிரிவு வழங்கும் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இம்முறையின் வளர்ந்த வடிவமாகும். அதில் இரு அறிவிப்பாளர்கள் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுவர். தொடக்கத்தில் வினா ஒன்று எழுப்பப்படும். துறைசார்ந்தோரின் நேர்காணற் பகுதிகள் இடையிடையே ஒலிக்கும். ஏறத்தாழ ஆறு சொற்கள் விளக்கப்பட்டு, இறுதியில் மீள்பார்வை செய்யப்படும்.

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை எழுதுவோரும் நடிப்போரும் தம் பணியைப் பற்றிப் பேசும் பேச்சு இத்தகைய பாடங்களுக்கு ஏற்ற பொருளாகும். அப்பேச்சு எவ்வகைச் சொற்களைத் தருகிறது, அவற்றுள் எவை பாடத்தில் இடம்பெறத் தக்கவை, எவை எளிதில் விடுபட்டுப்போகின்றன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நகைச்சுவையின் மொழியும் நகைச்சுவை பற்றிய மொழியும்

அன்றாட ஆங்கிலம் கற்க நகைச்சுவைத் தொடர்களையே பார்த்தால் போதாதா என்னும் வினா இயல்பானது. 1994 முதல் 2004 வரை ஒளிபரப்பான 'ஃபிரண்ட்ஸ்' தொடரின் உரையாடலை இயல்பான பேச்சுடன் ஒப்பிட்டு 2009இல் நூல் வெளியிட்ட பவுலோ குவாக்லியோ, இரண்டும் அடிப்படைக் கூறுகளில் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டினார். ஆயினும் வரையறையின்றிப் பேசுவதற்கு உதவும் 'சார்ட் ஆஃப்', 'கைண்ட் ஆஃப்' போன்ற தொடர்கள் இயல்பான பேச்சிலேயே மிகுதி என்றும், உணர்ச்சி வெளிப்பாடு தொடரிலேயே மிகுதி என்றும் அவர் கண்டார்.

இது எதிர்பார்க்கத் தக்கதே. நகைச்சுவை உரையாடல் எழுதப்பட்டது. தேவையற்ற சொல் அதில் களையப்படும். அதை எழுதியவர் நேர்காணலில் பேசும்போதோ தயங்குகிறார், திருத்துகிறார், சொல்லைத் தேடுகிறார். எனவே தொடர் தராத ஒன்றை அத்தொடரைப் பற்றிய பேச்சு தருகிறது. இப்பொருளைப் பாடமாக்குவதன் நியாயம் இதில்தான் உள்ளது.

3. துறைச்சொற்கள்

இப்பேச்சில் முதலில் செவியில் விழுபவை துறைச்சொற்கள். 'சிட்காம்', 'பஞ்ச்லைன்', 'பைலட்' என்பன இவ்வகை. விமானம் ஓட்டுபவர் என்னும் பொருளில் 'பைலட்' என்பதை அறிந்த மாணவர், ஒரு தொடருக்கு ஒப்புதல் பெற முன்னோட்டமாக எடுக்கப்படும் பகுதியையும் அச்சொல் குறிப்பதை இங்கு அறிகிறார். மேடையில் நடிகர் அடக்கமாட்டாமல் சிரித்துப் பாத்திரத்தைக் கைவிடுவதைப் பிரித்தானிய நாடக வழக்கு 'கார்ப்ஸ்' என்னும் வினையால் குறிக்கிறது. பெயராக வரும்போது அதன் பொருள் பிணம். இத்தகைய சொல் சுவையானது, மறக்க இயலாதது. ஆனால் நாடகத்துறைக்கு வெளியே அதற்குப் பயன் மிகக் குறைவு.

துறைச்சொல்லிலும் மொழிபெயர்ப்பாளர் தடுமாறும் இடங்கள் உள்ளன. 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாகப் பன்னிரண்டு பகுதிகளே கொண்டது. பிரித்தானிய வழக்கில் அது இரண்டு 'சீரீஸ்'. அமெரிக்க வழக்கில் இரண்டு 'சீசன்' கொண்ட ஒரே 'சீரீஸ்'. 'தொடர்' என்னும் ஒரு சொல்லையே எங்கும் பெய்தால் பிரித்தானிய நூலில் வரும் 'இரண்டாம் சீரீஸ்' வேறொரு தொடராகிவிடும்.

உருவகச் சொற்களில் இடர் இன்னும் நுண்ணியது. பார்வையாளரைச் சிரிக்க வைத்தவர் தாம் 'கொன்றதாக'வும், சிரிக்க வைக்கத் தவறியவர் தாம் 'செத்ததாக'வும் ஆங்கிலத்தில் கூறுவர். தமிழ்ப் பேச்சு வழக்கில் 'கொல்லுதல்', 'அறுத்தல்', 'கடித்தல்' ஆகியன சலிப்பூட்டுவதையே குறிக்கும். உருவகம் ஏறத்தாழ ஒன்றே, மதிப்பீடு நேர்மாறானது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வெற்றி தோல்வியாக மாறும்.

4. பொதுச்சொற்கள்

நகைச்சுவைப் பணி பற்றிய பேச்சு பெரிதும் மூன்று செய்திகளைச் சுற்றியது: எது பயன் தந்தது, எதைத் துணிந்து செய்ய முடிந்தது, அக்காலத்தில் வேலை எப்படி நடந்தது. இம்மூன்றும் எல்லாத் தொழிலோர் பேச்சிலும் உள்ளவை. இவற்றைக் கூறும் சொற்களே உண்மையில் அன்றாடச் சொற்கள்.

4.1 'ஒர்க்': ஒரு நகைச்சுவைத் துணுக்கு 'ஒர்க்' ஆகவில்லை என்பது நேர்காணல்களில் அடிக்கடி வரக்கூடிய கூற்று. மாணவர் அறிந்த 'வேலை செய்' என்னும் பொருள் இங்குப் பொருந்தாது. தமிழில் துணுக்கு எடுபடும், மருந்து கேட்கும், திட்டம் பலிக்கும், கடிகாரம் ஓடும். ஆங்கிலம் இந்நான்கிற்கும் 'ஒர்க்' ஒன்றையே ஆளும். இவ்வுறவைக் காட்டும் பாடம் ஒரு சொல்லைக் கொண்டு நான்கு சூழல்களைத் திறக்கிறது.

4.2 'கெட் அவே வித்': வினையோடு இடைச்சொற்கள் சேர்ந்து வரும் இத்தொடர்வினைக்குத் 'தப்பித்தல்' என்று பொருள் கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. ஆங்கிலத் தொடர்வினை தவறான அல்லது துணிச்சலான செயலைத் தன் நிரப்பியாகக் கொள்ளும். தமிழ் வினையோ எவரிடமிருந்து அல்லது எதிலிருந்து தப்பினார் என்பதை வேண்டும். பலவீனமான துணுக்கொன்றைச் சொல்லியும் பார்வையாளர் பொறுத்துக்கொண்டதை ஆங்கிலம் இத்தொடர்வினையால் கூறும். 'துணுக்கிலிருந்து தப்பித்தோம்' என்பது தமிழில் வேறு பொருள் தரும். 'அப்படிச் சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை' என்று வாக்கியத்தை மாற்றியமைப்பதே மொழிபெயர்ப்பாளர்க்கு வழி.

4.3 'வுட்': தம் பழைய பணிநாட்களை நினைவுகூர்வோர் இத்துணைவினையைப் பெரிதும் ஆள்வர். காலையில் கூடுவது, எழுதுவது, மாலையில் பாதியைக் கிழித்தெறிவது என வழக்கமாக நிகழ்ந்தவற்றை அது உணர்த்தும். நிபந்தனை வாக்கியத்திலேயே அதைக் கற்ற தமிழ் மாணவர், நிகழ்ந்ததை நிகழாததாகக் கொள்ளக்கூடும். தமிழிலோ இதற்கு நேரான வழக்கு உண்டு. 'அந்நாளில் காலையில் கூடுவோம், எழுதுவோம்' என்னும்போது எதிர்கால வடிவம் இறந்தகால வழக்கத்தைக் குறிக்கிறது. எதிர்காலத்தோடு தொடர்புடைய வடிவம் கடந்தகால வழக்கத்திற்கு ஆளப்படுவது இரு மொழிக்கும் பொது. இதனை ஒரு வாக்கியத்தில் சுட்டினாலே மாணவரின் ஐயம் நீங்கும்.

5. தேர்வின் குறை

'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' தொடர்வினைகளையும் மரபுத்தொடர்களையும் விளக்கத் தயங்குவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறை அவ்வடிவத்தின் இயல்பிலேயே உள்ளது. ஆறு சொற்களுக்கே இடமிருக்கையில் புதுமையாக ஒலிக்கும் சொல் முந்திக்கொள்ளும். 'ஒர்க்', 'வுட்' ஆகியவற்றை மாணவர் முன்னரே அறிந்துவிட்டதாகக் கருதப்படும். மேலும், விளக்கம் உலகெங்கும் உள்ள கேட்போர்க்குப் பொதுவாக ஆங்கிலத்திலேயே அமைவதால், ஒரு குறிப்பிட்ட தாய்மொழியினர் எங்கே இடறுவர் என்பது அதில் இடம்பெற இயலாது.

வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல், ஏறத்தாழ 2,000 சொற்களைத் தந்ததோடு, அவற்றின் பொருள்வேறுபாடுகள் எவ்வளவு விழுக்காடு பயில்கின்றன என்பதையும் காட்டியது. ஒரு சொல்லை 'அறிதல்' என்பது அதன் முதற்பொருளை அறிதல் அன்று என்னும் தெளிவு அப்போதே இருந்தது. 88 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஆராய்ந்து வெப், ராட்ஜர்ஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 3,000 சொற்குடும்பங்களும் இயற்பெயர் முதலியனவும் தெரிந்தால் நிகழ்ச்சிச் சொற்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு அடங்கும் என்றது. 98 விழுக்காட்டிற்கு 7,000 குடும்பங்கள் தேவைப்பட்டன. தொடக்க மாணவர்க்குப் பெரும்பயன் தருபவை முதல் 3,000 குடும்பங்களே என்பது இதனால் பெறப்படும். 'கார்ப்ஸ்' போன்ற வழக்கு அதற்கு அப்பாற்பட்டது.

துறைச்சொல் ஆர்வத்தைத் தூண்டும் என்னும் வாதம் மறுக்கத் தக்கதன்று. சுவையான சொல்லொன்று பாடத்தை நினைவில் நிறுத்தும். ஆனால் ஆர்வமூட்டும் சொல்லையே பாடத்தின் பயனாகக் கொண்டால், 'பஞ்ச்லைன்' அறிந்த மாணவர் தம் அலுவலகத்தில் ஒரு திட்டம் 'ஒர்க்' ஆகுமா எனக் கேட்கப்படும்போது தடுமாறும் நிலையே எஞ்சும்.

6. முடிவுரை

நகைச்சுவைத் தொழில் பற்றிய உரையாடல் அன்றாட ஆங்கிலம் கற்பிக்கத் தகுதியானதே. அத்தகுதி நகைச்சுவைச் சொற்களால் வருவதன்று. முயற்சி, துணிவு, தோல்வி, வழக்கம் ஆகியவற்றைப் பற்றி மனிதர் தயங்கித் தயங்கிப் பேசும் பேச்சு அதில் கிடைப்பதால் வருவது. தமிழ் மாணவர்க்கு இப்பேச்சைப் பாடமாக்குவோர் ஒரு சொல்லைத் தேர்வதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. வேறு தொழிலோர் பேச்சிலும் அது வருமா? அது எத்தகைய நிரப்பியை ஏற்கிறது? தமிழில் அதே கருத்து எவ்வடிவில் அமைகிறது? ஆறு சொற்களில் நான்கேனும் இம்மூன்று வினாக்களுக்கும் விடை தருவனவாக இருத்தல் வேண்டும். எஞ்சிய இரண்டு சுவைக்காக இருக்கலாம்.