சிலிக்கானுக்கு முன் ஓடும் செயலி

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் சாம்பிள் ஓகே ஆகாமல் யாரும் பல்க் ஓட்ட மாட்டார்கள். நூலின் கவுன்ட், மிஷின் கேஜ், லூப் லெங்த் எல்லாம் முடிவு செய்து கொஞ்சம் துணி ஓட்டி, சாயம் ஏற்றி, துவைத்து, ஜிஎஸ்எம் பார்த்த பிறகே ஆர்டர் மிஷினில் ஏறும். சிப் வடிவமைப்பவர்களுக்கு அந்தக் கொஞ்சம் துணிகூடச் சுலபமாகக் கிடைக்காது. சிலிக்கானில் வார்த்துப் பார்ப்பதென்றால் மாஸ்க் செலவு, மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆகவே அவர்களுடைய சாம்பிள் மென்பொருளிலேயே ஓடுகிறது. அதுதான் சிமுலேட்டர்.

நம்மூர் உதாரணம் சென்னை ஐஐடியின் சக்தி. பேராசிரியர் வி. காமகோடியின் குழு, பெர்க்லியில் 2010-ல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை வைத்து இந்தச் செயலிகளை வடித்தது. 2018-ல் இரண்டு சிப்புகள் வந்தன: ஒன்று இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில், இன்னொன்று சண்டிகரை அடுத்த மொகாலியின் செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில். சக்தியின் சி-கிளாஸ் செயலி புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டது. அதை வெரிலாக் என்ற வன்பொருள் மொழிக்கு மாற்றி, வெரிலேட்டர் என்ற திறமூலக் கருவியால் சாதாரண லினக்ஸ் கணினியிலேயே ஓட்டலாம்.

ஓட்டும் விதம்தான் அழகு. ஒவ்வொரு கட்டளை முடியும்போதும் எந்த முகவரி, எந்த ரெஜிஸ்டர், என்ன மதிப்பு என்று கோப்பில் ஒரு வரி விழும். அதே நிரலை ஸ்பைக் என்ற ரிஸ்க்-ஃபைவ் சிமுலேட்டரிலும் ஓட்டுவார்கள். பிறகு இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். பல லட்சம் வரிகள் ஒத்துப்போய், ஓரிடத்தில் ஒரு ரெஜிஸ்டர் மதிப்பு மட்டும் பிசகும். கோளாறைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் ஸ்பைக் விடை சரியா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லாது. வெரிலேட்டர் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் சொல்லும், ஆனால் முழு வடிவமைப்பும் எழுதி முடிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஜெம்5. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சினின் ஜெம்ஸ் என்ற இரண்டு சிமுலேட்டர்களும் இணைந்து 2011-ல் அது உருவெடுத்தது. உள்ளே சி பிளஸ் பிளஸ், மேலே பைத்தான்.

ஜெம்5-ன் மூலநிரலை இறக்கி ஸ்கான்ஸ் கருவியால் கட்டத் தொடங்கினால் பொறுமை வேண்டும். நினைவகம் குறைந்த லேப்டாப்பில் எல்லாக் கோர்களையும் ஒரே சமயத்தில் ஏவினால், நினைவகம் தீர்ந்து கம்பைலர் செத்துவிடலாம். இரண்டு, மூன்று வேலைகளாகக் குறைத்துக்கொண்டு விட்டுவிடுவதே நல்லது.

கட்டி முடித்தபின் கையில் வருவது செயலி அல்ல, செயலி கட்டுவதற்கான உதிரிகள். கடிகார வேகம் ஒரு வரி. நினைவகம் ஒரு வரி. சிபியு வகை ஒரு வரி. பிறகு சிபியுவின் கட்டளைப் போர்ட்டைப் பஸ்ஸோடு இணைக்கும் வரி, டேட்டா போர்ட்டை இணைக்கும் வரி. பாடப்புத்தகத்தில் அம்புக்குறியாகக் கிடந்த படம் இங்கே பெயரும் முகவரியும் பெற்று உயிர்பெறுகிறது. ஓட்டம் முடிந்ததும் ஒரு கோப்புறையில் மொத்த அமைப்பும் ஒரு கோப்பாகவும், புள்ளிவிவரம் இன்னொன்றாகவும் கிடக்கும். அந்தப் புள்ளிவிவரக் கோப்பை வாசிக்கப் பழகியவர்களுக்கு அது ஒரு தனிச் சுவை.

ஜெம்5-ன் தொடக்கப் பயிற்சியிலேயே இந்தச் சுவை தெரிந்துவிடும். கேஷ் (செயலிக்கு அருகிலுள்ள சிறு வேக நினைவகம்) இல்லாத எளிய செயலியில் வணக்கம் சொல்லும் குட்டி நிரல், சிமுலேட்டர் கணக்கில் சுமார் 500 மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்கிறது. கட்டளைகளுக்கு 16 கிலோபைட், டேட்டாவுக்கு 64, அதன்கீழ் இரண்டாம் நிலையில் 256 கிலோபைட் கேஷ் வைத்தால் அதே நிரல் ஏறக்குறைய 60 மைக்ரோ விநாடிக்கு இறங்கிவிடும். நிரலில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கேஷ் எதற்கு என்று ஒரு பருவம் முழுக்கக் கேட்டாலும் புரியாதது இந்த இரண்டு எண்களில் புரியும்.

எதை விடுவது என்று தெரிவதுதான் இந்தக் கலையின் நுட்பம். லினக்ஸ் பூட் ஆகும்வரை நுணுக்கமான மாதிரி எதற்கு? நேரக்கணக்குப் பார்க்காத அட்டாமிக் சிபியுவில் வேகமாக ஓட்டி, அளக்க வேண்டிய பகுதி வந்ததும் நுணுக்கமான ஓ3 மாதிரிக்கு மாற்றிக்கொள்வார்கள் தேர்ந்தவர்கள். எல்லாவற்றையும் நுணுக்கமாக ஓட்டினால், நிஜச் சிப் சில விநாடியில் முடிப்பதற்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும்.

இதைவிடக் கடினமானது எண்ணை நம்பலாமா என்ற கேள்வி. ஜெம்5-ன் ஓ3, கட்டளைகளை வரிசை மாற்றி நடத்தும். சி-கிளாஸ் வரிசை மாறாமல் நடத்தும். சக்தியைப் படிக்க விரும்புபவர் வரிசை மாறாத மைனர் சிபியுவைத்தான் எடுக்க வேண்டும். கேஷ் அளவு, கிளை கணிப்பான் எல்லாம் சி-கிளாஸின் யாமல் கோப்பில் இருக்கின்றன. அதே மதிப்புகளை ஜெம்5-ன் பைத்தான் ஸ்கிரிப்ட்டிலும் வைக்கலாம். இரண்டின் மூலநிரலும் திறந்தே கிடப்பதால், ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டி, துடிப்புகளின் எண்ணிக்கை எந்த இடத்தில் விலகத் தொடங்குகிறது என்று பல்லடத்திலோ அவிநாசியிலோ இருக்கும் ஒரு பொறியியல் மாணவரே தேடலாம்.