கிளுவை வேலி

காங்கேயத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளின் கிளுவை வேலியை யாரும் நின்று பார்ப்பதில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் பண்ணை காங்கேயம் மாட்டைப் பேணிய கதை ஊரறிந்தது. அந்த மாட்டை ஆளில்லாமல் மேயவிட உதவியது இந்த வேலிதான் என்பேன். கிளுவைப் போத்தை நெருக்கமாக நட்டு, தழைக்கத் தழைக்கக் கிளையோடு கிளை கோத்துவிடுவார்கள். முள்ளும் சேர, குட்டியாடு நுழைய இண்டு இருக்காது. கிளையை ஒடித்தால் பிசின் வாசம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லின் சரசரப்பு, வெள்வேல நிழல். கம்பிவேலி இரண்டு நாளில் முடியுமே என்பார்கள். முடியும், துருவும் பிடிக்கும். கிளுவையோ வெட்ட வெட்டத் துளிர்க்கும். எல்லைக்குப் பத்திரம் போதாதா? பத்திரம் மாட்டை நிறுத்தாதே! பனியன் கம்பெனிகளைத் தாண்டித் தாராபுரம் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை வண்டியை நிறுத்திப் பாருங்கள்.