மயக்கம் என்றால் எந்த மயக்கம்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டுப் பராமரிப்புக்கும் மருத்துவமனைத் தன்னார்வத்துக்கும் பயிற்சி எடுப்பவர்கள் கையில் இருக்கும் தமிழ்க் குறிப்புகளைக் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இதயத்துக்கு நான்கு அறைகள், சுகருக்கு 'நீரிழிவு', பிரஷருக்கு 'உயர் இரத்த அழுத்தம்'. எதுவும் தப்பில்லை. ஆனால் ஊர் வழக்கில் இருக்கும் ஒரு சொல்லைப் பிரித்துச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்: மயக்கம்.

நம்மூரில் தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தாலும் மயக்கம்தான். காலையில் இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரையோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பருத்தி எடுக்கப் போனவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். நினைவோடு விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கணும். நினைவில்லாதவர் வாயில் அதே தண்ணியை ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடணும்.

'மயக்கம் வந்தால் சர்க்கரைத் தண்ணீர்' என்று குறிப்பில் இருக்கும் ஒரே வரி ஒருவரைக் காப்பாற்றும், இன்னொருவரைக் கொன்றுவிடும்.

'உப்பு' இன்னொன்று. கிரியேட்டினின் ஏறியதை 'கிட்னியில உப்பு' என்கிறோம். கேட்பவர் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம். மாத்திரை வந்த வீட்டுக்கு இந்த விளக்கமும் வரணும். இதயத்தின் அறைகளை அப்புறம் எண்ணலாம். முதல் பாடம் இந்தக் கேள்வியாக இருக்கட்டும்: "கூப்பிட்டா கண்ணத் தொறக்குறாங்களா? முழுங்குறாங்களா?"