திரும்பிப் போக வழியில்லை

சென்ற வாரம் பர்மா பஜாரில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி மாதவரத்துக்குக் கொண்டுவந்தேன். பேரனுக்கு என்றுதான் பெயர். அவன் தூங்கிய பிறகு, தெருவில் லாரிகள் இரைய, நான் உட்கார்ந்துகொண்டேன்.

ஆட்டம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனிக்காக ஷிகெரு மியாமோட்டோ முன்னின்று உருவாக்கியது. குழாய் ரிப்பேர் செய்யும் மீசைக்காரன் ஒருவன் சிறைப்பட்ட இளவரசியைத் தேடி ஓடுகிறான். கதை இவ்வளவுதான். நம் பாட்டிமாரிடம் இதைவிட நல்ல கதைகள் உண்டு.

ஆனால் ஆரம்பத்தைப் பாருங்கள். முன்னுரை இல்லை, உபதேசம் இல்லை. மீசைக்காரன் இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்புறம் வெட்டவெளி. நடக்கிறோம். காளான் போன்ற ஒரு ஜந்து எதிரே வருகிறது. மோதினால் மரணம். மறுமுறை தாண்டுகிறோம். ஒரு வார்த்தை பேசாமல் பாடம் முடிந்துவிட்டது! முதல் அத்தியாயத்தில் நான்கு பக்கம் வர்ணிக்கும் என் போன்றவர்கள் வெட்கப்பட வேண்டிய இடம்.

குறையும் உண்டு. அவன் விழுந்தால் எரிச்சல் வருகிறதே தவிர, துக்கம் வருவதில்லை. மூன்று உயிர் உள்ளவனுக்காக யார் அழுவார்கள்?

இன்னொன்று: திரையைவிட்டு நகர்ந்த நிலம், செத்துப் பிறந்தாலொழிய, மறுபடி வராது. நாவலில் பின்னால் புரட்டலாம். மனைவியை இழந்த நான் இரவில் புரட்டுவதெல்லாம் பழைய பக்கங்களைத்தான்.

காலையில் பேரன் நான் திணறுவதைப் பார்த்தான்.

"பின்னாலே போக முடியாது தாத்தா. முன்னாலே போங்க" என்றான்.