கெட்டம்பேயும் சேத்துப்பட்டும்

"சார், உங்க ஊர்ல ஆராய்ச்சின்னா வெள்ளைக்காரன் எழுதி அனுப்பறதுக்குக் கையெழுத்துப் போடறதுதானே?"

சென்னையில் ஒரு மாநாட்டின் தேநீர் இடைவேளையில், ஒரு பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார். மனதில் பகையெதுவும் இல்லாமல் கேட்டார். அதனாலேயே கூடுதலாகச் சுட்டது. அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையான பாதி பணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை (ஐ.சி.எம்.ஆர்.) 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமாகத் தொடங்கி, 1949இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதற்குப் பக்கத்திலேயே உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை என்று வேறு வாசல்களும் உண்டு. இலங்கையில் எங்களுக்குத் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழகத்தின் சொந்தச் சிறு நிதி. அதற்கு மேல் விரலை நீட்டப் பெரிதாக ஒன்றும் இல்லை. கிடைப்பதும் ரூபாயில். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது. முந்திய ஆண்டு அங்கீகாரம் பெற்ற பாதீட்டில் இருந்த இரசாயனப் பொருட்களில் பாதியைத்தான் அந்தக் காசுக்கு வாங்க முடிந்தது. மீதிக்கு எங்கே போவது? ஆகவே எங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பெரிய மருத்துவ ஆய்வொன்றைத் தொடங்க நினைப்பவர் முதலில் வெளிநாட்டுப் பங்காளியைத்தான் தேடுவார்.

அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியபோது மதராஸ் அரசும் ஐ.சி.எம்.ஆரும் மட்டுமா இருந்தன? உலக சுகாதார ஸ்தாபனமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையும் கூடவே இருந்தன. வீட்டிலிருந்தபடி மருந்து எடுத்தவரும் சனடோரியத்தில் படுத்திருந்தவருக்கு இணையாகக் குணமடைகிறார் என்று 1959இல் அந்த நிலையம் உலகத்துக்குச் சொன்னது. அது இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. அந்த வேலைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் சென்னைக்காரர் வெறும் கையெழுத்துப் போட்டார்கள் என்று அன்றைக்கு யாராவது சொன்னார்களா?

எங்கள் கதை நஞ்சு பற்றியது. 2004இல் வெல்கம் டிரஸ்டும் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையும் கொடுத்த கூட்டு நிதியில், தெற்காசிய மருத்துவ நஞ்சியல் கூட்டாய்வு அமைப்பு பேராதனை மருத்துவ பீடத்தைத் தளமாகக் கொண்டு உருவானது. தலைமையில் வெளிநாட்டவர் இருந்தார்கள், மறைப்பதற்கில்லை. அநுராதபுரத்திலும் பொலநறுவையிலும் குருநாகலிலும் பூச்சிநாசினி குடித்து வந்தவர்களின் கட்டிலருகே இரவிரவாக நின்று படிவம் நிரப்பியவர்களோ எங்கள் இளம் டாக்டர்கள். நஞ்சை உறிஞ்சும் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உயிர் பிழைக்குமா என்று 4,632 பேரில் சோதித்து, பயனில்லை என்று 2008இல் லான்செட்டில் எழுதினார்கள். எந்தப் பூச்சிநாசினி எத்தனை பேரைக் கொல்கிறது என்ற கணக்கும் அந்த வார்டுகளிலேயே சேர்ந்தது.

அந்தக் கணக்கு அதிக தூரம் பயணம் செய்யவில்லை. நாட்டின் பூச்சிநாசினிப் பதிவாளர் அலுவலகம் இருப்பது கெட்டம்பேயில்; பல்கலைக்கழகத்திலிருந்து கண்டிப் பக்கம் பஸ் ஏறினால் சில நிமிடம். மிகக் கொடிய நஞ்சுகள் சிலவற்றை 1995இலும் 1998இலும் ஏற்கெனவே தடுத்திருந்தார்கள். 2008 முதல் 2011 வரை டைமெதோவேற், ஃபென்தியன், பரகுவாற் மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. 1995இல் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்த நாட்டில், இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. வெளியார் காசில் வந்த ஆய்வென்றே வைத்துக்கொள்வோம். பிழைத்தவர்கள் எங்களவர்கள்.

பூச்சிமருந்துச் சாவை எப்படித் தடுப்பது என்ற கேள்வியை இந்தியாவில் கேட்டவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஊருக்குப் பொதுவான பூட்டுப்பெட்டி வைத்துப் பூச்சிமருந்தைப் பாதுகாத்துப் பார்த்தது, 2013இல் வெளியான அந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. இங்கே அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி, வீட்டுப் பெட்டியைச் சோதித்தார்கள். பெட்டியால் பலன் தெரியவில்லை என்று 2017இல் ஒளிக்காமல் சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வித்தியாசம் அதற்குப் பிறகு. தமிழ்நாட்டு அரசு ஒரு பூச்சிமருந்தைத் தடுக்க நினைத்தால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி தற்காலிகமாகத்தான் முடியும். நிரந்தரத் தடை டில்லியின் கையில். கெட்டம்பேக்குப் பஸ்ஸில் போகலாம், டில்லிக்கு?

ஆய்வு விண்ணப்பம் போகும் பாதையிலும் அதே தூர வித்தியாசம்தான். இங்கே துறைத் தலைவர், பீடாதிபதி, நெறிமுறை மீளாய்வுக் குழு, துணைவேந்தர். அரச வைத்தியசாலை நோயாளிகள் என்றால் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி. தேவைப்பட்டால் மாகாண சுகாதாரப் பணிப்பாளரிடமும் போக வேண்டும். ஒப்பந்தம் வந்தவுடன் நிதியாளர் கிளையில் ஒரு தவம். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று அந்த மேசைக்காரரின் பெயரோடு எனக்குத் தெரியும். "சேர், நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்குப் போனால் முடிந்திருக்கும். பெரும்பாலும்.

இந்தியாவிலோ வெளிநாட்டுப் பங்காளி என்றதும் நெறிமுறைக் குழுவுக்கு மேலே, ஐ.சி.எம்.ஆர். வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு இருக்கிறது. தனியார் அறக்கட்டளை நடத்தும் நிறுவனமானால் வெளிநாட்டு நிதிச் சட்டப் பதிவு வேண்டும். பணம் டில்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில் வந்து இறங்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வந்த பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. கூட்டாய்வுக்கு இது எவ்வளவு இடைஞ்சல்! ‘யூ.சி. அனுப்பிட்டீங்களா’ என்பது அங்கே குசல விசாரிப்பு மாதிரி. பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. இதெல்லாம் வேலூரில் ஆய்வு செய்யும் நண்பர்கள் பெருமூச்சோடு சொன்னவை. அவர்களிடம் பெருமூச்சுக்கு அப்பாலும் ஒரு சௌகரியம் இருக்கலாம். அதை அவர்கள்தான் எழுத வேண்டும்.

சிறிய நாடாக இருப்பதிலும் வசதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஹொரைசன் யூரோப்’ திட்டத்தில் இலங்கை நிறுவனம் சேர்ந்தால் நிதி பெறும் தகுதி தானாகவே கிடைக்கும். பெரிய பொருளாதாரம் என்பதால் இந்தியாவுக்கு அது இல்லை. மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேட்டை இலங்கை 2006இல் தொடங்கியது, இந்தியா 2007இல். ஒரு வருடம்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்னொன்று, எனக்கு மிக நெருக்கமானது. பேராதனையில் ஆய்வுத் தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தைச் சிலர் இந்தியாவிலிருந்து அப்படியே எடுத்துவிடுகிறார்கள். ‘மருத்துவமனை’, ‘ஒப்புதல்’, ‘செவிலியர்’ என்று அதில் வரும். கலஹாவிலோ ஹந்தானையிலோ தேயிலைக் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு அது ஆஸ்பத்திரி, சம்மதம், நேர்ஸ் அம்மா. ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து அதை எங்கள் தமிழுக்கு மாற்றுவது என் வேலையாகிவிட்டது. சென்னையில் ‘யாழ்ப்பாணமா’ என்று கேட்கிறார்கள். கண்டி என்றால் அங்கே தமிழர் இருக்கிறார்களா என்கிறார்கள். என் பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர். அந்த அக்காவின் பாட்டனாரும் அப்படித்தான் வந்திருப்பார். அந்த அக்காவின் இரத்த மாதிரியை வைத்து எழுதப்படும் கட்டுரையில் எங்கள் பெயர் நன்றியுரையில் மட்டும் வந்தால் போதாது.

ஆகவே சென்னை, வேலூர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டு அழைப்பு வரும்போது பேராதனையைத் தரவு சேகரிக்கும் இடமாக மட்டும் போடாதீர்கள். முதல் வரைவிலேயே எங்களைக் கூப்பிடுங்கள். இணை முதன்மை ஆய்வாளராகப் போடுங்கள். எங்கள் பங்கு எங்கள் நிதியாளர் கணக்குக்கு நேரே வரட்டும். தமிழ்ப் படிவத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.