இணை இராகங்கள்: ஒப்பீட்டின் பயனும் எல்லையும்

முன்னுரை

கருநாடக இசையையும் இந்துஸ்தானி இசையையும் ஒருங்கே அறிமுகப்படுத்தும் நூல்களில் 'இணை இராகங்கள்' என்னும் பட்டியல் ஒன்று பெரும்பாலும் இடம்பெறும். மோகனத்திற்குப் பூபாளி, இந்தோளத்திற்கு மால்கௌன்ஸ், கல்யாணிக்கு யமன் என நீளும் இப்பட்டியலை மாணவர் மனனம் செய்கின்றனர்; தேர்விலும் எழுதுகின்றனர். இப்பட்டியல் எதனை இணைக்கிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் ஒன்று, இராகம் வேறு

இப்பட்டியலின் முதன்மைப் பயன், பெயரால் விளையும் மயக்கத்தை நீக்குவதாகும். கருநாடக இசையில் தோடி எட்டாவது மேளம். அதன் சுரங்கள் இந்துஸ்தானி மரபில் பைரவி தாட்டுக்கு உரியவை. இந்துஸ்தானித் தோடியின் சுரங்களோ நம் சுபபந்துவராளிக்கு நெருக்கமானவை. நம் இந்தோளம் அங்கு மால்கௌன்ஸ் எனப்படுகிறது. அங்குள்ள இந்தோலோ பிரதி மத்திமம் கொண்ட பிறிதோர் இராகம். சுரப்பெயர்களும் இவ்வாறே மயக்கம் தருவன. கருநாடக மரபில் 'சுத்த ரிஷபம்' என்பது ரிஷபங்களுள் மிகத் தாழ்ந்தது. அதே பெயர் இந்துஸ்தானி மரபில் நாம் சதுச்ருதி ரிஷபம் என வழங்குவதைக் குறிக்கும். இந்நிலையில் பட்டியல் ஓர் அகராதியாகப் பயன்படுகிறது என்பதில் ஐயமில்லை.

சுரம் ஒன்று, உருவம் வேறு

அகராதியை இலக்கணமாகக் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது. மோகனமும் பூபாளியும் ஒன்றே என்பார் காட்டும் சான்று ஒன்றே: இரண்டும் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களை உடையவை, அச்சுரங்களின் தானங்களும் ஒன்றே. ஆயின் இந்துஸ்தானி மரபு இதே ஐந்து சுரங்களில் தேஷ்கார் என்னும் வேறோர் இராகத்தையும் போற்றி வருகிறது. பூபாளியில் காந்தாரம் வாதி, தைவதம் சம்வாதி. தேஷ்காரில் தைவதம் வாதி, காந்தாரம் சம்வாதி. பூபாளி இரவின் முற்பகுதிக்குரியது. அதன் நடமாட்டம் பெரிதும் கீழ்ப்பகுதிச் சுரங்களில் நிகழும். தேஷ்கார் காலைக்குரியது; மேற்பகுதிச் சுரங்களில் ஒளிர்வது. ஒன்றைப் பாடுகையில் மற்றதன் சாயல் விழுமாயின் அதனைப் பிழையெனவே கொள்வர்.

சுரவரிசை ஒன்றாயின் இராகமும் ஒன்று என்னும் விதி இந்துஸ்தானி மரபுக்குள்ளேயே பொருந்தவில்லை. அவ்வாறிருக்க, இரு மரபுகளுக்கு இடையே அதனைப் பொருத்துவது எங்ஙனம்? மோகனம் தேஷ்காருக்கும் இணையன்றோ என வினவினால் பட்டியலிடம் விடையில்லை. மோகனத்தில் காந்தாரமும் தைவதமும் ஒருங்கே உயிர்ச்சுரங்களாக நிற்கின்றன. கமகத்தின் வழி அதன் வடிவம் புலப்படுகிறது. பூபாளிக்கும் தேஷ்காருக்கும் இடையே இடப்பெற்ற வேலி மோகனத்திற்கு இல்லை. ஆகவே மோகனம் இவ்விரண்டில் எதுவுமன்று; தனக்கெனத் தனியுருவம் உடையது.

வகைப்பாடு கூறும் உண்மை

சதுர்தண்டிப் பிரகாசிகை இயற்றிய வேங்கடமகியின் வழிவந்த 72 மேள முறையும் பாத்கண்டே (1860-1936) வகுத்த 10 தாட் முறையும் சுரங்களை அடிப்படையாகக் கொண்டவை. பாத்கண்டே 1904-இல் தென்னகப் பயணத்தின்போது எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தவர். தென்னக மேள முறையை ஆழ்ந்து கற்றவர். அவர் பூபாளியைக் கல்யாண் தாட்டிலும் தேஷ்காரைப் பிலாவல் தாட்டிலும் வைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. மத்திமமும் நிஷாதமும் இல்லாத இவ்விராகங்களின் தாய் எதுவென ஐந்து சுரங்களை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. சுரங்கள் இயங்கும் முறையை நோக்கியே அவ்வாறு பிரித்தனர். நம் மரபோ மோகனத்தை 28ஆம் மேளமாகிய அரிகாம்போதியின் சேய் என்கிறது. ஐந்து சுரங்களுக்கு மூன்று தாயர்! சுரக்கணக்கை வகுத்தோரே அக்கணக்கு போதாது என உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

உறவும் ஒப்புமையும்

பட்டியல் மறைக்கும் பிறிதொன்று வரலாறு. இராமசுவாமி தீட்சிதர் ஆக்கியதாகக் கருதப்படும் அம்சத்வனி தெற்கிலிருந்து வடக்கே சென்று அதே பெயரால் வழங்குகிறது. வடக்கின் ஜெய்ஜெய்வந்தி தெற்கே துவிஜாவந்தியாயிற்று. இவை கொடுக்கல் வாங்கலால் விளைந்த உறவுகள். மோகனம், பூபாளி இணையோ சுரங்கள் ஒத்தமையால் நாம் கண்ட ஒப்புமை. இவ்விரண்டையும் ஒரே நிரலில் நிறுத்துவது உடன்பிறந்தாரையும் முகச்சாயல் ஒத்தாரையும் ஒரே குடும்பத்தார் எனப் பதிவதற்கு நிகராகும்.

இவ்வேறுபாடு தமிழாய்வுக்கும் இன்றியமையாதது. தேவாரப் பண்ணாகிய புறநீர்மை இன்று பூபாளத்தில் பாடப்பெறுகிறது. முல்லைத் தீம்பாணியை மோகனமென ஆய்வாளர் பலர் கொள்வர். முன்னது ஓதுவார் வழக்கு. பின்னது சுரக்கணக்கின் வழிப் பெறப்பட்ட முடிபு. இன்றும் ஒலிக்கின்ற இரு மரபுகளுக்கிடையே சுர ஒப்புமை இராக ஒருமையாகாது எனில், ஒலி மறைந்துபோன பண் ஒன்றனைச் சுரங்களால் மட்டும் மீட்டுவிட்டதாக நாம் கூறுவதில் அடக்கம் வேண்டும். சுரவரிசை கிட்டலாம், அப்பண் நடந்த நடை கிட்டியதாகாது.

முடிவுரை

இணை இராகப் பட்டியலை ஒழிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. புதிதாய்க் கேட்பவர்க்கு அது வாயில். எனினும் வாயிலில் நின்றவர் வீட்டைக் கண்டவராகார். 'மோகனத்தின் இணை யாது?' என்னும் வினாவுக்கு மாற்றாக, 'மோகனம், பூபாளி, தேஷ்கார் மூன்றையும் கேட்டு, காந்தாரமும் தைவதமும் ஒவ்வொன்றிலும் எவ்வாறு நிற்கின்றன எனக் கூறுக' என நாம் வினவுவோமாயின், மாணவர் பட்டியலை விடுத்து இசையைக் கேட்கத் தொடங்குவர். ஒப்பீட்டின் உண்மைப் பயன் அதுவேயாகும்.